மாமனார் கட்சிக்கு மட்டும் விழுந்த வரி

எனக்கு அரசியல் பிடிக்காது. இதைச் சொன்ன அடுத்த நிமிஷமே "அப்ப நீங்க அந்தக் கட்சியா?" என்று கேட்கிற ஊரில்தான் பிழைப்பு நடத்துகிறேன். திண்டுக்கல் நாகல் நகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், மனு எழுதுவது, நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். எல்லோருக்கும் தலையாட்டுவேன், போன பிறகு திட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நிம்மதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா வரி போட்டதும் அந்த நிம்மதி போனது.

எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அமெரிக்காவில் சொந்தக்காரர்களும் கிடையாது. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்பார்கள். இந்தக் கதையில் எள்ளு என் மாமனார், மற்றது நான்.

மாமனாருக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஊர். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது என்று இருக்கிற பூமி. போர் போட்டுச் சொட்டுநீர்க் குழாய் இழுத்தவர்கள் மட்டும் வருஷம் முழுக்க ஏதாவது பச்சையாக வைத்திருப்பார்கள். மாமாவுக்கு அப்படி இரண்டு ஏக்கர் உண்டு. ஆனால் அவரிடம் "என்ன தொழில் பாக்குறீக?" என்று கேட்டால் விவசாயம் என்று சொல்ல மாட்டார். "கிளைச் செயலாளர்" என்பார். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தப் பதவியில் இருக்கிறார். அவருக்குப் போட்டி கிடையாது, ஏனென்றால் வேறு யாருக்கும் அது வேண்டாம்.

ஊரில் ஒரே தெரு. வடவரிசை வீடுகள் மாமாவின் கட்சி. தென்வரிசை எதிர்க்கட்சி. தென்வரிசைக்குத் தலைவர் மாமாவின் பங்காளி, சொந்தச் சித்தப்பா மகன். ஒரு வார்டு எலெக்‌ஷனில் இருவரும் எதிரெதிராக நின்று, இருவரும் தோற்று, மூன்றாவதாக நின்ற ஒருவர் ஜெயித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஜெயித்தவரோடு மட்டும் இருவரும் நன்றாகப் பேசுவார்கள்.

பேச்சு இல்லை என்றால் சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார்கள். பங்காளி தன் காளையைத் தெருவில் கட்டிக்கொண்டு, "ஏலே, மோட்டாரை ராத்திரி பூரா ஓடவிட்டா கெணத்துல என்ன இருக்கும்?" என்று காளையைக் கேட்பார். எதிர்வீட்டில் மாமா தன் பசுவிடம், "அவுகவுக கெணத்த அவுகவுக பாத்தாப் போதும்னு சொல்லு" என்பார். பசுவும் காளையும் மெல்லுவதை நிறுத்தாது. இந்த முறையில் பல தகராறுகள் தீர்ந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி இருந்த தெருவுக்கு ஒருநாள் மோட்டார் பைக்கில் கம்பெனிக்காரத் தம்பி ஒருவர் வந்தார். வெள்ளரி போடச் சொன்னார். நம் ஊர் வெள்ளரி இல்லை. விரல் தண்டிக்கு மேல் போகாத ஒரு சாதி, வினிகரில் ஊறப்போட்டு டிரம் டிரம்மாகக் கப்பலில் அனுப்புவது. விதையும் உரமும் கம்பெனி கொடுக்கும், காயையும் கம்பெனியே தினம் வந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தம்பி தன் போனில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காக்காரர்கள் தின்கிற பர்கர். அதற்குள்ளே பச்சையாக ஒரு சின்ன வட்டம் எட்டிப் பார்த்தது. மாமா கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டு வட்டத்துக்கா ஒரு ஏக்கரு?" என்று கேட்டார். "இதை அங்க கோடிப்பேரு திங்கிறாங்க சார்" என்றார் தம்பி. சார் என்றதும் மாமா விழுந்துவிட்டார்.

போர் வசதி இருக்கிற ஏழெட்டுப் பேர் லிஸ்ட் வேண்டும் என்று தம்பி கேட்டார். மாமா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அது கட்சி உறுப்பினர் நோட்டு. அதைப் பார்த்துத்தான் ஏழு வீட்டைச் சொன்னார், ஏழும் வடவரிசை. எட்டாவது வீடு அவருடையது. தென்வரிசையிலும் போர் இருந்தது, நல்ல தண்ணீரும் இருந்தது. பங்காளியே காளையிடம் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தார்: "ஊருக்கு வந்த கம்பெனி ஊருக்குத்தான வந்துச்சு? ஒரு வரிசைக்கு மட்டுமா வந்துச்சு?" மாமா பசுவிடம்கூட அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

"நம்மாளுகளுக்குத்தான் மாப்ள மொதல்ல. கூடவே நின்னு ஓட்டுப் போட்டவகளுக்கு நாம என்ன செஞ்சோம்? ஒரு வேட்டி கூட ஒழுங்கா வாங்கித் தரல. இதாச்சும் செய்வோம்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஓர் ஆசை இருந்தது. கட்சிக்காரர் பேச்சு என்று அதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. லிஸ்டை நான்தான் என் கடையில் டைப் அடித்தேன். தலைப்பு என்ன போடலாம் என்று கேட்டேன். "பயனாளிகள்" என்றார்.

முதல் போகம் பிரமாதம். அந்த வெள்ளரிக்கு ஒரு விசித்திரமான குணம். வளர வளர விலை குறையும். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு விலை, நடுவிரல் அளவுக்கு அதைவிடக் கம்மி, அதற்கு மேல் பருத்தால் சீந்த ஆளில்லை. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் மறுநாள் அது காயே இல்லை. அதனால் வடவரிசை முழுக்க விடிந்ததும் தோட்டத்தில் இருக்கும். நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் மாற்றி ஒருவர்தான் போவார்கள். ஒரு காதுகுத்துக்கு வடவரிசையே பாதிப்பேராக வந்து சாப்பிட்டுப் போய், மீதிப்பேரை அனுப்பிவைத்தது. ஆனாலும் கையில் காசு புழங்கியது. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் வந்தது, இன்னொரு வீட்டில் பெண்ணை நர்சிங் சேர்த்தார்கள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளரியைக் கட்சியே கண்டுபிடித்த மாதிரி பேச ஆரம்பித்தார். ஒரு தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "நம்ம கட்சியில இருந்தா அமெரிக்காவே நம்ம வாசலுக்கு வரும்!" என்று முழங்கினார். தென்வரிசை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது போகம் பாதிப் பறிப்பில் இருந்தபோது அமெரிக்கா வரியை ஏற்றியது. டிவியில் சொன்னார்கள். மாமா பார்த்தார், ஆனால் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனி, இறால் என்று ஏதோ சொன்னார்கள். நம் ஊருக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று சேனலை மாற்றிவிட்டார். நாலு நாள் கழித்துக் கம்பெனிக்காரத் தம்பி வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"சார், நாளையில இருந்து வண்டி வராது. அந்தப்பக்கம் வாங்குறவன் ஆர்டரை நிறுத்திட்டான். டிரம் எல்லாம் நெறஞ்சு கெடக்கு. ஒரு மாசம் பொறுங்க, ஏதாச்சும் முடிவு வரும்."

"ஒரு மாசம் நாங்க பொறுப்போம் தம்பி. கொடிகிட்ட யாரு சொல்றது?" என்றார் மாமா.

கொடி பொறுக்கவில்லை. தினம் காய்த்தது. அதுவரை மழையும் தண்ணீரும் நோயும் என்று ஏதாவது ஒன்று குறையாக இருக்கும், அந்த ஒரு மாதம் எல்லாமே சரியாக இருந்தது. காய் சுண்டுவிரலைத் தாண்டி, கட்டைவிரலைத் தாண்டி, கத்தரிக்காய் தண்டிக்கு வந்து, பிறகு பெயர் சொல்ல முடியாத அளவுக்குப் போனது. திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு இரண்டு மூட்டை கொண்டுவந்து காட்டினார்கள். கடைக்காரர் ஒன்றை ஒடித்து மோந்து பார்த்து, "இது என்ன, வெள்ளரிக்கும் பாகலுக்கும் பொறந்ததா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போவது எனக்கு வழக்கம். கோழிக்குழம்புக்காகத்தான் போவேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மாதம் அத்தை கோழியை நிறுத்திவிட்டார். வெள்ளரிக் கூட்டு, வெள்ளரி சாம்பார், வெள்ளரி மோர்க்குழம்பு, வெஞ்சனத்துக்கு வெள்ளரிப் பொரியல். எதிலும் ஒரு கசப்பு. "தம்பி, இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க. கெடக்கது அம்புட்டும் வீணாப் போகுது" என்று அகப்பையோடு நிற்பார். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்கு நான்காவது வாரம்வரை தாங்கினேன். ஐந்தாவது வாரம் வயிறு சரியில்லை என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. நூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு கிலோ வெள்ளரி இலவசம் என்று கடையில் போர்டு வைத்தேன். ஆட்கள் தொண்ணூற்றொன்பது பக்கம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நஷ்டத்தைக்கூட மாமா தாங்கியிருப்பார். விவசாயிக்கு அது புதிதில்லை. அவர் தாங்காமல் போனது வேறு ஒன்று. ஒரு நாள் காலையில் பங்காளி காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாத்தியாலே, அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன். ஆளு பாத்துத்தான் வரி போட்டுருக்கான். வடவரிசைக்கு மட்டும்!"

அன்றைக்குத்தான் மாமாவுக்கு உறைத்தது. தென்வரிசையில் மக்காச்சோளமும் முருங்கையும் நின்றுகொண்டிருந்தன, அவர்களுக்கு ஒரு சேதாரமும் இல்லை. கடல் தாண்டிப் போட்ட வரி நேராக வந்து அவருடைய உறுப்பினர் நோட்டில் இருந்த ஏழு வீட்டின் தலையில் விழுந்திருந்தது. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தனுக்குக்கூடச் சொட்டு நஷ்டம் இல்லை. லிஸ்ட் போட்டது அவரே. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"கலந்து குடுத்துருந்தா இன்னைக்கு ஊரே ஒண்ணா நின்னு திட்டியிருக்கும் மாப்ள" என்றார் என்னிடம். "இப்ப நம்மாளு மட்டும் அழுகுறான், அவனாளு சிரிக்கிறான்."

யாரைத் திட்டுவது என்பதிலும் சிக்கல். கோபப்படுவதற்கும் ஒரு விலாசம் வேண்டும். வரி போட்டவருக்கு நம் ஊரில் ஓட்டுக் கிடையாது, அவருக்கு எதிராக இங்கே யாரும் நிற்கவும் முடியாது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மாமாவின் கட்சி, வரிக்குக் காரணம் எதிர்க்கட்சியின் கையாலாகாத்தனம் என்று ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தது. மறுநாள் எதிர்க்கட்சியும் அதே மாதிரி ஒன்று கொண்டுவந்தது. இரண்டும் என் கடைக்குத்தான் வந்தன. படித்துப் பார்த்தேன். கட்சிப் பெயரை இடம் மாற்றினால் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது நோட்டீஸை நான் புதிதாக டைப் அடிக்கவே இல்லை. டைப்பிங் சார்ஜ் மட்டும் வாங்கினேன்.

மாமா ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். "எங்கள் வெள்ளரிக்கு அமெரிக்கா விதித்துள்ள வரியை நீக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் இடத்துக்கு எட்டு வீட்டுக்காரர்களோடு நானும் போனேன். வெங்காயம் விலை போகாதவர்கள் வெங்காய மாலை போட்டு வருவார்கள், தேங்காய்க்காரர்கள் தேங்காயோடு வருவார்கள், போட்டோ பிடிக்கிறவர்கள் மொய்ப்பார்கள். அந்த வழக்கப்படி மாமா கழுத்தில் வெள்ளரி மாலை. ஒரு நிருபர் ஓடி வந்து ஆசையாகக் கேட்டார்: "சுரைக்காய்க்கு என்னங்கய்யா பிரச்சினை?" மாமா விளக்கி முடிப்பதற்குள் பின்னால் ஒருவர் தக்காளி மாலையோடு வந்துவிட்டார். கேமரா அங்கே போய்விட்டது.

மனுவை மட்டும் யாரும் அலட்சியப்படுத்தவில்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போய், பக்கவாட்டில் போய், தோட்டக்கலைத் துறையில் கொஞ்சநாள் தங்கி, தாலுகாவுக்கு இறங்கி, கடைசியில் கள விசாரணைக்காக வி.ஏ.ஓ.விடம் வந்து சேர்ந்தது. வி.ஏ.ஓ. ஒரு சின்ன வயதுப் பெண். ஸ்கூட்டியில் வந்து, வரப்பில் ஜாக்கிரதையாக நடந்து, கொடியைப் பார்த்துவிட்டு ஃபைலை விரித்தார்.

"ஐயா, அமெரிக்கா வரி போட்டதா எழுதியிருக்கீங்க. இது உண்மைதானுங்களா?"

"உண்மைதாம்மா."

"நேர்ல விசாரிச்சு அறிக்கை குடுக்கணும். ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

மாமா கையை விரித்துத் தோட்டத்தைக் காட்டினார். ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குப் பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. அந்தப் பெண் பாவம், சிரிக்காமல் எழுதினார். "விசாரணையில் அமெரிக்கா வரி விதித்திருப்பது உண்மை எனத் தெரியவருகிறது." பிறகு ஒரு சங்கடத்தோடு நிமிர்ந்தார். "பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

பக்கத்து நிலம் பங்காளியுடையது. அவர் முருங்கைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அழைக்காமலே வந்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஃபைலை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். முழுப் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பரோடு கையெழுத்துப் போட்டார். காளை பக்கத்தில் இல்லாததால் வி.ஏ.ஓ.விடம் சொன்னார்: "வரி விழுந்ததை நான் கண்ணால பாத்தேம்மா. கட்சி வாரியா விழுந்துச்சு." மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம்தான் ஒன்றியச் செயலாளர் காரில் வந்தார். மாமாவைவிட இருபது வயது இளையவர், மாமா எழுந்து நின்றுதான் பேசினார். "அண்ணே, உங்க ஏரியா எப்பவும் நமக்குக் கோட்டை. இந்தத் தடவை அந்த ஏழு வீடு எப்படி? வெள்ளரி விஷயத்துல சூடா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். மாமா எப்போதும் இதற்கு நெஞ்சை நிமிர்த்தி "என் பொறுப்பு" என்பார். அன்றைக்கு, "பாத்துச் சொல்றேன் தம்பி" என்றார். ஒன்றியச் செயலாளர் முகம் மாறியது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, அந்த ஏழு வீடும் போயிருச்சுன்னா நான் எதுக்கு? கட்சியில எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். நாளைக்கு வீடு வீடாப் போயிக் கேக்கப் போறேன். நீங்க செத்த நேரம் கூட வாங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

அரசியல் பிடிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

முதல் வீட்டு வாசலில் மாமா ஒரு காரியம் செய்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கைகூப்பி, "நான் சொல்லித்தான் போட்டீங்க. தப்பு என்னுது. மன்னிச்சுக்கங்க" என்றார். நோட்டீஸில் இருந்த எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை. அமெரிக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோனார். ஒரு கட்சிக்காரர் தப்பை ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னால் அவர் மனைவி, "என்னங்க, டாக்டரு ஏதும் சொல்லிட்டாரா இவருக்கு?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

"ஓட்டு..." என்று மாமா இழுத்தார்.

"என்னண்ணே இது, ஓட்டுக்கு என்ன? எங்கப்பா காலத்துல இருந்து நம்ம சின்னம்தான். அதுல மாத்தமே இல்ல."

மாமாவால் நம்ப முடியவில்லை. இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டில், "அமெரிக்காக்காரன் வரி போட்டதுக்கு நம்ம சின்னம் என்ன பண்ணும்?" என்று மாமாவுக்கே ஆறுதல் சொன்னார்கள். நான்காவது வீட்டில், மாமா மறுபடி வார்டுக்கு நிற்கப்போகிறார், அதற்குத்தான் இத்தனை பணிவு என்று முடிவுகட்டி முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னார்கள். மாமாவுக்கு நடை மாறிவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு மாதமாக எதற்குக் கிடந்து பயந்தோம் என்று எரிச்சலும் வந்தது.

ஐந்தாவது வீட்டில் உற்சாகத்தில் ஒரு வார்த்தை விட்டார். "அடுத்த போகத்துக்குக் கவலைப்படாதீக. மிளகாய்க்கு ஒரு கம்பெனி பேசிக்கிட்டு இருக்கேன்."

வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். ஆறாவது வீட்டிலும் மிளகாய்ப் பேச்சு வந்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். நாங்கள் தண்ணீரே கேட்டிருக்கவில்லை.

கடைசி வீட்டில் ஒரு பெண் மட்டும் இருந்தார். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அங்கேயும் அதே வரியால் பாதி நாள்தான் ஷிப்ட் என்று சொன்னார். அரை ஏக்கரை அவரே தனியாக வெள்ளரி போட்டு, தனியாகப் பறித்து, தனியாகவே கொடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார். நிலம் உழுது காலியாகக் கிடந்தது. மாமா கைகூப்பியதும் அவர் பதறி எழுந்தார்.

"அண்ணே, நீங்க போயி கும்புடலாமா? உக்காருங்க. ஓட்டுத்தான? எங்க ஓட்டு எங்க போகும்? கண்ணை மூடிக்கிட்டு உங்களுக்குத்தான்."

"அப்ப உழுது போட்டுருக்கியே தாயி, அதுல என்ன போடலாம்னு..."

அந்தப் பெண் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"அண்ணே, ஓட்டு எப்பவும் உங்களுக்குத்தான். வெதைக்கு மட்டும் இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டோம். மக்காச்சோளம் எது போட்டா நிக்கும்னு எதுத்த வரிசையில அந்த அண்ணன்கிட்ட கேட்டுருக்கோம். நாங்க ஏழு வீடும்தான். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

மாமா ஒன்றும் நினைத்துக்கொள்ளாதவர் மாதிரி சிரித்தார். திரும்பி நடந்தோம். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, ஒரு ஓட்டு குறையவில்லை. தெருவில் ஒன்றியச் செயலாளருக்குப் போன் போட்டு, "ஏழும் நமக்குத்தான் தம்பி" என்று சொன்னார். அந்தப் பக்கம் சபாஷ் என்று கத்தியது எனக்கே கேட்டது. போனை வைத்த பிறகு மாமா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு ஓட்டுக் கொடுத்தவர்கள் ஒருவரும் அவர் பேச்சை இனி நம்ப மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அமெரிக்காவை நான்கு கெட்ட வார்த்தை திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சாப்பாடு எடுத்துவைத்தார். அன்றைக்குக் கோழிக்குழம்பு. மாமா தட்டைத் தொடவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, குழம்பை ஊற்றியபடியே சொன்னார்:

"நம்ம வீட்டு ஓட்டும் உங்களுக்குத்தாங்க, கவலைப்படாதீக. நம்ம தோட்டத்துக்கும் எதுத்த வரிசைக் கொழுந்தனார்கிட்ட நேத்தே மக்காச்சோள வெதைக்குச் சொல்லிட்டேன்."

நான் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமாவுக்குக் கோபம் வரும், தட்டு பறக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, அத்தையைப் பார்க்காமல் கேட்டார்:

"என்ன ரகம்னு சொன்னான்?"